நின்ற இயந்திரமும் கையைப் பிடிக்கும்: வாசகர் கேள்வி–பதில்

இயந்திரப் பராமரிப்பின்போது கைகளில் ஏற்படும் காயங்கள் தொடர்பாக வந்த கடிதங்களுக்கு மட்டுமே இந்த இதழில் பதில் தருகிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டிருப்பதால், கேட்டவரின் பணியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: அட்டைப் பெட்டி மடிக்கும் இயந்திரத்தில் சிக்கிக்கொண்ட பெட்டியை எடுப்பதற்காகச் சிவப்பு நிற எமர்ஜென்சி பட்டனை அழுத்தினேன். இயந்திரம் முழுவதும் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டேன். பெட்டியை இழுத்த அதே நொடியில் சிலிண்டர் முன்னே வந்து ஆள்காட்டி விரலின் நுனியை நசுக்கிவிட்டது. வேறு யாரும் பட்டனைத் தொடவில்லை. மின்சாரமே இல்லாதபோது சிலிண்டர் எப்படி நகர்ந்தது? நான் எங்கே தவறினேன்?
– பராமரிப்பு ஃபிட்டர்

பதில்: உங்கள் இயந்திரத்தில் நின்றது மின்சாரம், காற்று நிற்கவில்லை. எமர்ஜென்சி பட்டன் பெரும்பாலான இயந்திரங்களில் கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டுமே துண்டிக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான கான்டாக்டர் விடுபடும், வால்வுச் சுருள்களுக்குப் போகும் மின்சாரம் நிற்கும், அவ்வளவுதான். காற்றுக் குழாயிலும் சிலிண்டருக்குள்ளும் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் ஏற்பாட்டை இயந்திரத்தை வடிவமைத்தவர் தனியாகச் செய்திருந்தால் மட்டுமே அது வெளியேறும்.

நடந்ததை இப்படிப் பாருங்கள். பெட்டி குறுக்கே சிக்கியதும் சிலிண்டர் அதை முட்டித் தள்ளிக்கொண்டு பாதி வழியில் நின்றிருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தியதும் வால்வு நடுநிலைக்குத் திரும்பி எல்லா வழிகளையும் அடைத்திருக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் இருந்த காற்று அழுத்தம் குறையாமல் அங்கேயே அடைபட்டுவிட்டது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் தரும் விசை ஏறத்தாழ 1,180 நியூட்டன், அதாவது 120 கிலோ எடையைத் தாங்கும் அளவு. அந்த விசைக்கு அணையாக நின்றது சிக்கிய பெட்டி ஒன்றே. அதை நீங்கள் உருவியதும் பிஸ்டன் விடுபட்டது. சிக்கல் எடுக்கும் வேலையில் விரல்கள் அதிகம் போவதற்குக் காரணம் இதுதான்: இயந்திரத்தில் ஒரு பொருள் சிக்கி நிற்கிறது என்றாலே, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு விசை தேங்கி நிற்கிறது என்று பொருள். கன்வேயரில் அது இழுபட்ட பெல்ட்டின் முறுக்காக இருக்கும். ஹைட்ராலிக்கில், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலமான அக்குமுலேட்டருக்குள் அமுங்கிய நைட்ரஜனாக இருக்கும். பிரஸ்ஸில் மேலே நிற்கும் அழுத்து பாகமான ராமின் எடையாகவோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த சக்கரமாகிய ஃபிளைவீலாகவோ இருக்கும். இவற்றில் எதையும் ஒரு பட்டன் அணைக்காது.

‘நின்றதைக் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தானியங்கி இயந்திரத்தில் இந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. ஒரு சென்சாரின் சைகைக்காகக் காத்திருக்கும் இயந்திரமும், அணைக்கப்பட்ட இயந்திரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே அசையாமல் இருக்கும்.

செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். வேலை தொடங்குவதை லைனில் இருப்பவர்களுக்கு அறிவித்து, இயந்திரத்தை வழக்கமான முறையில் நிறுத்துங்கள். மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்சான மெயின் ஐசோலேட்டரை அணைத்து, வேறு யாரும் அதைப் போட முடியாதபடி உங்கள் பூட்டைப் போடுங்கள். காற்று வரும் வழியில் உள்ள வால்வை மூடி அதையும் பூட்டுங்கள்; மூடும்போதே இயந்திரப் பக்கத்துக் காற்றை வெளியேற்றிவிடும் வகை வால்வாக அது இருக்க வேண்டும். பிரஷர் கேஜ் பூஜ்யத்துக்கு வந்தால் குழாய் காலி என்றுதான் அர்த்தம், சிலிண்டர் காலி என்று அர்த்தமில்லை. வால்வுக்கு அப்பால் அடைபட்ட காற்றை அதற்குரிய திறப்பின் வழியாகத் தனியே விட வேண்டும். விட முடியாத இடத்தில் பிஸ்டன் தண்டு நகராதபடி முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். கடைசியாக, ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். இங்கே பலரும் கோட்டை விடுகிறார்கள்: எமர்ஜென்சி பட்டன் அழுத்தப்பட்ட நிலையிலேயே ஸ்டார்ட்டை அழுத்தி, ‘ஓடவில்லை, சரி’ என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் மின்சாரம் முழுமையாக இருந்தாலும் இயந்திரம் ஓடாது. எமர்ஜென்சியை விடுவித்து, கதவுகளை மூடி, மற்ற எல்லா நிபந்தனைகளும் சரியாக இருக்கும்போது ஸ்டார்ட்டை அழுத்தியும் ஓடவில்லை என்றால்தான் ஐசோலேட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

உங்கள் தவறு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த இயந்திரத்துக்கென்று காற்றையும் சேர்த்து எழுதப்பட்ட பூட்டு முறை உங்கள் கையில் தரப்பட்டிருந்ததா? தரப்படவில்லை என்றால், உங்களைக் கேட்பதற்கு முன் அதை எழுதியிருக்க வேண்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் லைனில் ஒரு ஷிஃப்டில் பத்துப் பதினைந்து முறை பொருள் சிக்குகிறது. எடுக்க ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்து, பூட்டி, சோதித்து, மறுபடி திறந்தால் உற்பத்திக் கணக்கு எப்படி எட்டும்? எழுதப்பட்ட முறையைக் கடைப்பிடித்தால் லைன் ஓடாது. கடைப்பிடிக்காமல் ஒருவருக்கு அடிபட்டால் பழி எங்கள் மேல் விழுகிறது.
– ஷிஃப்ட் சூப்பர்வைசர்

பதில்: உங்கள் முறையீடு நியாயமானது. கடைப்பிடிக்க முடியாத முறையை எழுதி வைப்பது, எதையும் எழுதாமல் இருப்பதைவிட மோசமானது. ஏனென்றால் அது காகிதத்தில் பாதுகாப்பையும் களத்தில் பழக்கத்தையும் தனித்தனியாக வளர்க்கிறது.

பராமரிப்பு வேலையையும், உற்பத்தியின் ஊடே அன்றாடம் வரும் சிறு வேலையையும் முதலில் பிரியுங்கள். ஆற்றலைத் துண்டித்துப் பூட்டுவது குறித்து அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு நிர்வாகம் 1989-இல் வெளியிட்ட விதியே இந்தப் பிரிவினையைச் செய்கிறது. வழக்கமானதாக, திரும்பத் திரும்ப வருவதாக, உற்பத்தியோடு பிரிக்க முடியாததாக இருக்கும் சிறு வேலைகளுக்குப் பூட்டுக்குப் பதிலாக வேறு ஏற்பாட்டை அது ஏற்றுக்கொள்கிறது; ஆனால் அந்த ஏற்பாடு உண்மையாகவே கையைக் காப்பாற்ற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பல தொழிற்சாலைகள் படிக்காமல் விட்டுவிடுகின்றன. கதவைத் திறந்ததும் மோட்டாரின் மின்சாரமும் சிலிண்டரின் காற்றும் சேர்ந்து போகும்படி அமைத்த இன்டர்லாக், கதவைத் திறக்கப் பயன்பட்ட சாவியை உள்ளே செல்பவரே எடுத்துச் செல்லும் அமைப்பு, அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டுமே மெதுவாக நகரும் இன்ச்சிங் வசதி, கைக்குப் பதிலாக உள்ளே செல்லும் நீண்ட கொக்கி ஆகியவை அத்தகைய ஏற்பாடுகள். பெல்ட் மாற்றுவது, பேரிங் கழற்றுவது, ரோலரை இறக்குவது ஆகியவை எவ்வளவு விரைவாக முடிந்தாலும் இந்தச் சலுகைக்குள் வரமாட்டா.

அடுத்து, பூட்டுக்கு ஆகும் நேரம் என்று சொல்லப்படுவதை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி, தொலைவில் இருக்கும் மின் பேனலுக்கு நடந்து போய் வரும் நேரமாகவும், பூட்டையும் சாவியையும் தேடும் நேரமாகவும் இருக்கும். ஐசோலேட்டரை இயந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தி, பூட்டைத் தொழிலாளியின் இடுப்பிலேயே இருக்கச் செய்தால், பூட்டுவது சில நொடி வேலை.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது வேறு. ஒரு ஷிஃப்டில் பதினைந்து சிக்கல் என்பதை நீங்கள் இயற்கை நிகழ்வுபோல எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில், எந்த அளவுப் பொருள் ஓடும்போது, எந்த நேரத்தில் சிக்குகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களே திரும்பத் திரும்ப வரும்: வழிகாட்டிச் சட்டம் சற்றே கோணியிருக்கும், சென்சார் கண்ணில் தூசி படிந்திருக்கும், உறிஞ்சு கிண்ணம் தேய்ந்திருக்கும், அட்டை ஈரம் ஏறி வளைந்திருக்கும். அவற்றைச் சரிசெய்யும்போது கை உள்ளே போக வேண்டிய தேவையே குறைகிறது. எந்தப் பூட்டும் தராத பாதுகாப்பு அது, உற்பத்திக் கணக்கும் கூடவே உயரும்.

இன்டர்லாக் சுவிட்சில் காந்தத்தை ஒட்டி ஏமாற்றி வைத்திருப்பதை எங்காவது கண்டால், செய்தவரைத் தேடுவதற்கு முன், அந்தக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். இன்டர்லாக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 14119 தரநிலையும், அவற்றை ஏமாற்றத் தூண்டும் காரணங்களை வடிவமைப்பாளர் முன்கூட்டியே ஆராய வேண்டும் என்றே சொல்கிறது.

கேள்வி: நான், ஃபிட்டர், உதவியாளர் ஆகிய மூவரும் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தோம். பேனலில் என் பூட்டு மட்டும் இருந்தது. என் வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்றினேன். ஃபிட்டர் இன்னும் செயினில் கை வைத்திருந்தார். நல்லவேளையாக யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. இன்னொன்று: வேகம் மாற்றும் டிரைவை அணைத்த உடனே கவரைத் திறக்கலாமா?
– எலெக்ட்ரீஷியன்

பதில்: ஒருவருக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவி அவரிடம் மட்டும். இதில் விலக்கு கிடையாது. பல துளைகள் உள்ள ஹாஸ்ப் கொக்கியை ஐசோலேட்டரில் மாட்டினால் மூவரும் அதில் தத்தம் பூட்டைப் போடலாம். கடைசிப் பூட்டு கழலும்வரை கைப்பிடி நகராது. துண்டிக்க வேண்டிய இடங்கள் பல இருந்தால், அங்கெல்லாம் போட்ட பூட்டுகளின் சாவிகளை ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் மேல் ஒவ்வொருவரும் தம் பூட்டைப் போட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது, வருகிறவரின் பூட்டு ஏறிய பிறகே போகிறவரின் பூட்டு இறங்க வேண்டும். பூட்டைப் போட்டவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், அவர் வளாகத்தில் இல்லை என்பதை உறுதிசெய்து, பொறுப்பு அலுவலர் முன்னிலையில் மட்டுமே அதை அகற்றலாம். அவர் திரும்பி வேலையில் கை வைப்பதற்கு முன் அவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிடுகிறார்கள். தன் பூட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மறுநாள் காலை நேராக உள்ளே கை விடுகிறவரும் உண்டு.

டிரைவை அணைத்த உடனே திறக்கக் கூடாது. 400 வோல்ட் டிரைவின் கெப்பாசிட்டர்களில் ஏறத்தாழ 565 வோல்ட் நேர்த்திசை (டிசி) மின்னழுத்தம் தங்கியிருக்கும். கவரின் மேல் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்து, அதன் பிறகும் மீட்டரால் அளந்து பார்த்தே தொட வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும், மீட்டர் வேலை செய்கிறதா என்பதை மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் சரிபாருங்கள்.

கேள்வி: அச்சு இயந்திரத்தின் ரோலர்களை ஓடும்போதே துணியால் துடைப்பது எங்கள் வழக்கம். நிறுத்தித் துடைத்தால் ஒரு பக்கம் மட்டுமே சுத்தமாகிறது. கை பிடிபட்டால் உடனே இழுத்துக்கொள்ளலாம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– அச்சு இயந்திர ஆபரேட்டர்

பதில்: கணக்கே பதில் சொல்லட்டும். ரோலரின் பரப்பு நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், நொடிக்கு ஒரு மீட்டர். துணி இழுபடுவதை உணர்ந்து மனிதனின் கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் 20 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். உங்கள் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை அவ்வளவு நீளம்கூட இராது. இழுத்துக்கொள்ளலாம் என்பது நினைப்பு மட்டுமே.

இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுழன்று சேரும் இடத்தில் ஒரு பக்கம் பொருளை உள்ளே வாங்கும், மறுபக்கம் வெளியே தள்ளும். உள்வாங்கும் பக்கத்தில்தான் கை போகிறது. ஆபத்து, கை நேரே அங்கு போவதால் வருவதைவிட, துணியின் தொங்கும் முனை போய் அது விரலில் சுற்றியிருக்கும் கையையும் இழுத்துச் செல்வதால் வருவதே அதிகம். ஆகவே முதல் வழி, நிறுத்தித் துடைப்பது. ரோலரை இன்ச்சிங் பட்டனால் கொஞ்சம் நகர்த்தி, நின்ற பிறகு துடைத்து, மீண்டும் நகர்த்துவது. பட்டனை அழுத்துபவரும் துடைப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இருவர் செய்யும்போது, ‘சரி’ என்ற சொல்லை ஒருவர் ‘முடிந்தது’ என்ற பொருளில் சொல்ல, மற்றவர் ‘ஓட்டு’ என்று புரிந்துகொண்ட விபத்துகள் எல்லா ஊரிலும் நடந்திருக்கின்றன. துணியை முனை தொங்காமல் மடித்துத் திண்டாகப் பிடியுங்கள், விரலிலோ கையிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். எப்போதும் வெளித்தள்ளும் பக்கத்திலிருந்தே துடையுங்கள். ரோலர் தானாகக் கழுவிக்கொள்ளும் அமைப்பை உங்கள் இயந்திரத்தில் பொருத்த இயலுமா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். இது அதிகப்படியான கேள்வி அல்ல.

கேள்வி: டிரில்லிங் மெஷினில் கையுறை அணியாமல் வேலை செய்ததற்காக ஒரு அலுவலர் கண்டித்தார். அணிந்து வேலை செய்ததற்காக எங்கள் ஆசிரியர் கண்டித்தார். யார் சொல்வது சரி?
– தொழிற்பயிற்சி மாணவர்

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. சுழலும் டிரில், லேத்தின் சக், சுழலும் தண்டு ஆகியவற்றின் அருகே கையுறை கூடாது. வெறும் விரல் பட்டால் தோல் கிழியும். கையுறை பட்டால் அது சுற்றிக்கொண்டு விரலையே முறுக்கிப் பிடுங்கும். விரல்களுக்குள் தசை கிடையாது. முன்கையில் இருக்கும் தசைகள் நீண்ட தசைநாண்களின் வழியாகவே விரலை மடக்குகின்றன. அதனால் முறுக்கிப் பிடுங்கப்பட்ட விரலோடு சில சமயம் முன்கையிலிருந்து தசைநாணும் உருவிக்கொண்டு வந்துவிடும். கத்தியால் வெட்டுண்ட விரலைச் சேர்ப்பதைவிட இதைச் சேர்ப்பது மிகவும் கடினம்.

வேலை முடிந்து, சுழல்வது முழுவதும் நின்று, கூரான சுருள்களையும் தகட்டு விளிம்புகளையும் கையாளும்போது வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும். கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 388 குறியீட்டில் வெட்டுத் தாங்கும் திறன் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் பிரிக்கப்படுகிறது, ‘எஃப்’தான் உயர்ந்தது. அதுவும் வெட்டைத் தாங்குமே தவிர, நசுங்குவதையும் இழுபடுவதையும் தாங்காது. இயந்திரத்தில் இருக்கும் சுருள்களைக் கையுறை போட்டும் எடுக்க வேண்டாம், பிரஷ்ஷும் கொக்கியும் அதற்காகவே இருக்கின்றன. லேத்தில் எமரி தாளை விரலில் சுற்றிப் பிடித்துத் தேய்க்கும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வராதிருந்தால், வர விடாதீர்கள்.

கேள்வி: சிறிய பட்டறை நடத்துகிறேன். கிரீஸ் வைப்பதற்காகப் பாதுகாப்புக் கூண்டைக் கழற்றுகிறார்கள். பிறகு மாட்டுவதே இல்லை. வலைக் கம்பியில் புதிய கூண்டு செய்ய எண்ணியிருக்கிறேன். ஓட்டை எவ்வளவு இருக்கலாம்?
– பட்டறை உரிமையாளர்

பதில்: கூண்டைக் கழற்றாமலே கிரீஸ் வைக்க வழி செய்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். கிரீஸ் நிப்பிளிலிருந்து ஒரு சிறு குழாயை இழுத்துக் கூண்டுக்கு வெளியே கொண்டுவந்து பொருத்துங்கள். எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி, செயின் இறுக்கும் போல்ட் போன்றவற்றையும் அப்படியே வெளியே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

ஓட்டையின் அளவைத் தனியாகச் சொல்ல முடியாது. ஓட்டையிலிருந்து ஆபத்தான பாகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 13857 தரநிலையின்படி, சதுர ஓட்டை 6-க்கு மேல் 8 மில்லிமீட்டர்வரை இருந்தால் ஆபத்தான பாகம் குறைந்தது 15 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும்; 8-க்கு மேல் 10 வரை என்றால் 25; 10-க்கு மேல் 12 வரை என்றால் 80; 12-க்கு மேல் 20 வரை என்றால் 120. 10 மில்லிமீட்டருக்கும் 12-க்கும் இடையே தூரம் எப்படித் தாவுகிறது என்று கவனியுங்கள்: அந்த அளவில்தான் விரல் முழுதாக உள்ளே போகத் தொடங்குகிறது. நீளவாட்டுப் பிளவுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவற்றுக்குப் பெரும்பாலும் இன்னும் அதிகத் தூரம் வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டிய நீளமான பிளவுக்கு 850 மில்லிமீட்டர் கேட்கிறது அதே தரநிலை, ஏனென்றால் அதன் வழியே கை முழுவதும் நுழைந்துவிடலாம்.

கூண்டை வேண்டுமென்றால் கீல் வைத்துக் கதவாகச் செய்து இன்டர்லாக் கொடுங்கள். எட்டு போல்ட்டில் இறுக்கிய கூண்டு, ஒருமுறை கழன்றால் இரண்டு போல்ட்டில் தொங்கும், மறுமுறை சுவரில் சாய்ந்திருக்கும்.

கேள்வி: காற்று ஊதியின் (புளோயரின்) வி-பெல்ட்டை மாற்றும்போது மெயினைப் பூட்டியிருந்தும் புல்லி தானாகச் சுற்றி என் நண்பரின் விரலைப் பிடித்துவிட்டது. காரணம் என்ன?
– உதவி ஃபிட்டர்

பதில்: அதே குழாயில் இணைந்த இன்னொரு ஊதி ஓடியிருக்கும், அல்லது புகைபோக்கியின் இழுவை இருந்திருக்கும். அந்தக் காற்றோட்டமே விசிறியைச் சுழற்றப் போதும். குழாயின் தடுப்பு மடலை மூடுங்கள், விசிறி சுழலாதபடி முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள், பிறகே பெல்ட்டைத் தொடுங்கள். புதிய பெல்ட்டை நெம்பிப் புல்லியின் மேல் ஏற்றும் வழக்கத்தையும் விடுங்கள். மோட்டாரின் அடித்தளப் போல்ட்டைத் தளர்த்தி முன்னே நகர்த்தினால் பெல்ட் தளர்வாக உள்ளே இறங்கும். புல்லியைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தால் பெல்ட்டை விரல்களால் சுற்றிப் பிடித்து இழுக்காதீர்கள். பெல்ட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் விரல் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

கேள்வி: விரல் துண்டானால் மருத்துவமனை சேரும்வரை என்ன செய்ய வேண்டும்? ஐஸில் போடலாமா? கிரீஸ் துப்பாக்கி கையில் குத்தியதாக ஒருவர் வந்தார். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் இருந்தது, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். சரிதானா?
– முதலுதவிப் பொறுப்பாளர்

பதில்: இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது அவசரம். அவரை இன்றே, இப்போதே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஏறத்தாழ 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்கிறபோது, கிரீஸ் துப்பாக்கியின் அழுத்தம் சில நூறு பாரை எட்டக்கூடியது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், தொடக்கத்தில் வலியும் பெரிதாக இராது; உள்ளே கிரீஸ் தசைநாண் உறைகளின் வழியாக உள்ளங்கைவரைகூடப் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, இரத்த ஓட்டம் தடைபட்டு, திசு அழுகத் தொடங்கும். முதல் 6 மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு விரல் தப்பும் வாய்ப்பு அதிகம். ஹைட்ராலிக் குழாயின் நுண்ணிய கசிவைக் கையால் தடவித் தேடுவதும் இதே காயத்தைத்தான் தருகிறது. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். மருத்துவரிடம், ‘சிறு குத்து’ என்று சொல்லாமல், எந்தப் பொருள், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

துண்டான விரலுக்கு வருவோம். முதலில் மனிதர், பிறகு விரல். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டை உப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த சுத்தமான காஸ் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது, உறைந்த திசு பிழைக்காது. தண்ணீரில் ஊறவும் கூடாது. சிறு தோலிழையில் தொங்கிக்கொண்டிருப்பதை யாரும் வெட்டி எடுக்க வேண்டாம், அந்த இழையில் ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் மருத்துவருக்குத் தேவைப்படும். விரலில் தசை இல்லாததால், குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 24 மணி நேரம்வரையும், குளிர்விக்காமல் 12 மணி நேரம்வரையும் அது தாங்கலாம். மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் தசை இருப்பதால் இந்த நேரம் பாதியாகக் குறையும். எதையும் உண்ணவோ பருகவோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். பதற்றத்தைத் தணிக்க யாராவது சிகரெட்டை நீட்டினால் தடுங்கள். நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சேர்க்க முடியுமா முடியாதா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். முழுவதும் துண்டான கட்டைவிரலை நுண் அறுவைச் சிகிச்சையால் 1965-இலேயே ஜப்பானில் கோமட்சு, தமாய் ஆகிய மருத்துவர்கள் சேர்த்துவிட்டார்கள். நசுங்கிய துண்டையும் தேடி எடுத்து அனுப்புங்கள். அதிலிருந்து தோலாவது பயன்படலாம்.

கை இன்னும் இயந்திரத்துக்குள் மாட்டியிருந்தால், பதற்றத்தில் ஒருவர் ரிவர்ஸ் பட்டனை நோக்கி ஓடுவார். அவரை நிறுத்துங்கள். பின்னோக்கிச் சுழலும் ரோலர் அதே கையை இன்னொரு முறை நசுக்கும். முதலில் மின்சாரத்தையும் அழுத்தத்தையும் துண்டித்து, பிறகு ரோலரின் இடைவெளியைத் திருகால் அகற்றியோ பேரிங் போல்ட்டைத் தளர்த்தியோ கையை விடுவிக்க வேண்டும். எந்த இயந்திரத்தில் எந்தப் போல்ட் என்பதை அமைதியான ஒரு நாளில் கண்டுபிடித்து, அதன் மேல் வண்ணம் பூசி, அதற்குரிய ஸ்பேனரைப் பக்கத்திலேயே தொங்கவிட்டு வையுங்கள்.

கேள்வி: மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் தொழிலாளியிடம் என்ன சொல்வது?
– மனிதவளப் பிரிவு அலுவலர்

பதில்: இயந்திரம் ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை, ஏணியிலிருந்தோ இயந்திர மேடையிலிருந்தோ குதிக்கும்போது மோதிரம் ஒரு போல்ட் முனையில் மாட்டினால் உடலின் எடையே விரலின் தோலையும் இரத்தக் குழாய்களையும் உருவிவிடும் என்று சொல்லுங்கள். கழற்ற வராத மோதிரமாக இருந்தால், அதை வெட்டி எடுக்கும் சிறு கருவி மருத்துவமனைகளில் உண்டு. பிறகு பொற்கொல்லரிடம் கொடுத்து ஒட்டவைத்து, கழுத்துச் சங்கிலியில் கோக்காமல், வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.